வெள்ளைக் கோப்பையில் ஊசிக்குத்து போல் துளைகள்: பெயிண்டா, சூளையா?

கேள்வி (மண்டபம்)
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் சின்ன மின்சூளை வைத்திருக்கிறேன். பீங்கான் கோப்பையிலும் கண்ணாடித் தட்டிலும் எனாமல் (சூட்டில் உருகி ஒட்டும் கண்ணாடித்தூள் பெயிண்ட்) தீட்டிச் சுட்டு, ராமேஸ்வரம் வருகிறவர்களுக்கு விற்கிறேன். பாம்பன் பாலம் வரைந்ததுதான் அதிகம் போகும். 1914-இல் திறந்த பழைய பாலம் ஒரு பக்கம், 2025-இல் திறந்த புதுத் தூக்குப்பாலம் மறுபக்கம்.

ஐப்பசி மழையிலிருந்து தொந்தரவு. 780 டிகிரியில் சுட்டு எடுத்தால் ஊசியால் குத்தின மாதிரி துளைகள். தடவினால் விரலில் கீறுகிறது. பெயிண்டைக் குழைக்கும் எண்ணெயைக் குறைத்தேன், பூச்சை மெலிசாக்கினேன், புகை போக 500 டிகிரி வரை மூடியைச் சற்றுத் திறந்தே வைத்தேன். மாற்றமே இல்லை. இருபதில் பதினான்கு வீணாகிறது. ஒரு கோப்பைக்குத் தூண்களை வரையவே முக்கால் மணி நேரம் ஆகும், மனசு விட்டுப்போகிறது. அதே அறையில் இருக்கும் கண்ணாடித் தட்டு மட்டும் 580-இல் சுத்தமாக வருகிறது. பெயிண்ட் விற்றவர் சூளையைச் சொல்கிறார், சூளை விற்றவர் பெயிண்டைச் சொல்கிறார்.

பதில் (விருத்தாசலம், பீங்கான் பட்டறையில் இருந்தவர்)
தங்கச்சி, துளை படத்தில் மட்டுமா, வெறும் வெள்ளையிலுமா?

கேட்டவர்
லென்ஸ் வைத்துப் பார்த்தேன் அண்ணே. கைப்பிடியின் உள்பக்கம், தூரிகையே படாத இடத்திலும் இருக்கிறது.

பதில் (விருத்தாசலம்)
அப்படியானால் பெயிண்டை விட்டுவிடுங்கள். கோப்பை ஈரம் குடித்திருக்கிறது. கோப்பையைக் கவிழ்த்து, கிளேஸ் (மேலே இருக்கும் கண்ணாடி போன்ற பளபளப்புப் பூச்சு) இல்லாத அடி வளையத்தில் நாக்கு நுனியை வையுங்கள். பிடித்து இழுத்தால் உள்மண் சரியாக இறுகவில்லை, நுண்துளை நிறைய என்று அர்த்தம். கடற்காற்றில் மாதக்கணக்கில் கிடந்தால் அந்த வழியாகவும் கிளேஸின் மயிரிழை வெடிப்பு வழியாகவும் ஈரம் ஏறிவிடும். சூட்டில் கிளேஸ் இளகும் நேரத்தில் உள்ளே மிச்சமிருக்கும் ஆவி அதைக் குத்திக்கொண்டு வெளியேறும். அந்தக் குழிதான் நீங்கள் பார்ப்பது. கண்ணாடிக்குள் ஈரம் ஏறாது, அதனால் தட்டு தப்பித்தது.

வரைவதற்கு முன்னால் வெறும் கோப்பைகளை மிக மெதுவாக 600 வரை ஏற்றி, ஒரு மணி நேரம் நிறுத்தி, தானாக ஆறவிடுங்கள். அப்புறம் இரண்டு மூன்று நாளுக்குள் வரைந்து சுட்டுவிட வேண்டும். எல்லாம் தேறும் என்று சொல்ல மாட்டேன். அடுத்த சரக்கு நன்றாக இறுகிய போர்சிலினாக வாங்குங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை.

பதில் (கீழக்கரை)
அக்கா, தட்டு நன்றாக வந்தாலும் கவனம். நம் ஊர்க் காற்றில் கண்ணாடி மேல் உப்பு படியும். வரையும் முன் டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, ஸ்பிரிட்டால் துடையுங்கள். கைரேகை பட்ட இடத்தில் எனாமல் விலகி நிற்கும்.

கேட்டவர் (ஒன்பது நாள் கழித்து)
அண்ணே, நாக்கு பசை மாதிரி ஒட்டியது! பெட்டி ஆடி மாதத்திலிருந்து ஜன்னலோரம் கிடந்திருக்கிறது. பன்னிரண்டு கோப்பையை நீங்கள் சொன்னபடி 600-இல் காயவைத்து, மறுநாளே வரைந்து சுட்டேன். பதினொன்று பளிங்கு மாதிரி வந்தது. கெட்டுப்போன ஒன்றின் அடியில் மயிரிழை வெடிப்பு இருந்தது. மிச்சம் நாற்பதையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்து, வெடித்ததைத் தனியே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.