ரீல்ஸ் போடாத போட்டோகிராபருக்கு வேலை வராதா?

மூன்றாம்கண்:
தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது லென்ஸ் பற்றியோ வெளிச்சம் பற்றியோ இல்லை. "அண்ணா, இன்ஸ்டாவில் ஃபாலோயர்ஸ் ஏற என்ன செய்யணும்?" என்றுதான் கேட்கிறார்கள். என் பதிலை இங்கே பொதுவில் வைக்கிறேன். இப்போது அதற்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியைக்கூட இனி கொடுக்காதீர்கள்.

இன்ஸ்டாகிராம் 2010 அக்டோபரில் வந்தபோது படத்துக்கான இடமாக இருந்தது. 2015 வரை சதுரம் மட்டும்தான். நாமும் சதுரத்துக்குள் யோசிக்கப் பழகினோம். 2016இல் நேர வரிசை போய், யாருக்கு எதைக் காட்டுவது என்று தளமே கணக்குப் போடும் அல்காரிதம் வந்தது. 2020இல் ரீல்ஸ். 2021 நடுவில் அதன் தலைவர் ஆடம் மொசேரி, இது இனி படம் பகிரும் செயலி அல்ல என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். 2025 ஜனவரியில் புரொஃபைல் கட்டங்களைச் சதுரத்திலிருந்து நெடிய செவ்வக வடிவத்துக்கு மாற்றினார்கள். மூன்று மூன்றாக அடுக்கி அழகு பார்த்து வைத்திருந்த பக்கங்களில் படங்களின் இரண்டு ஓரமும் வெட்டுப்பட்டு நின்றன.

ஒவ்வொரு முறையும் அவர்கள் மாற்றுகிறார்கள், நாம் ஓடுகிறோம். படம் எடுக்க வந்தவன் பாட்டுக்கு ஏற்ப வீடியோ வெட்டிக்கொண்டிருக்கிறான். சொந்தமாக ஓர் இணையதளம், அதில் சலித்தெடுத்த இருபது படம், பழைய கிளையன்ட்களின் எண்களும் மின்னஞ்சலும் உள்ள ஒரு பட்டியல். இவை நம் கையில் இருப்பவை. முதலில் இதைச் செய்யுங்கள். இன்ஸ்டாவில் முகவரிப் பலகை மாதிரி ஒரு பக்கம் இருந்தால் போதும்.

ஒளிநடை:
வரலாறெல்லாம் சரிதான் அண்ணா. ஆனால் அந்த இணையதளத்துக்கு யார் வருவார்கள் என்று நீங்கள் சொல்லவில்லையே. பெயர் தெரிந்தவர்தான் பெயரைப் போட்டுத் தேடுவார். பெயரே கேள்விப்படாதவர்?

எனக்கு வேலை வரும் வழியைச் சொல்கிறேன். ஒரு கல்யாணம் முடிந்ததும் ஆல்பத்துக்குக் காத்திருக்க வைக்காமல், மறுநாளே நல்ல படம் நாலைந்தை எடிட் செய்து கொடுத்துவிடுவேன். அவர்கள் அந்தச் சந்தோஷத்தோடு தங்கள் பக்கத்தில் போட்டு என்னை டேக் செய்வார்கள். அதைப் பார்ப்பவர்கள் அவர்களுடைய நண்பர்கள், கூட வேலை செய்பவர்கள், கிட்டத்தட்ட அதே வயதுக்காரர்கள். அடுத்து கல்யாணம் ஆகப்போகிறவர்கள் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். அந்த டேக் ஒரு சிபாரிசு. என் பக்கத்தில் நானே போடும் படத்துக்கு அந்தப் பலம் வராது.

ரீல்ஸை இவ்வளவு மட்டமாகப் பேசுவதும் எனக்கு ஒப்பவில்லை. கேமரா முன் நிற்கவே கூச்சப்படும் மக்கள்தான் அதிகம். படத்தைப் பார்த்தால் நான் நன்றாக எடுப்பேன் என்று மட்டும் தெரியும். அதட்டுவேனா, பொறுமையாகப் பேசுவேனா, குழந்தை அழுதால் என்ன செய்வேன் என்பது படத்தில் தெரியாது. நான் வேலை செய்வதை அரை நிமிடம் காட்டும் வீடியோவில் தெரிந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு அழைப்பவர்கள் முதல் வார்த்தையிலேயே என்னைத் தெரிந்தவர்கள் போலப் பேசுகிறார்கள். இந்த நம்பிக்கையை எந்த இணையதளம் கொடுக்கும்?

நெகட்டிவ்பெட்டி:
இரண்டு பேருமே விளம்பரத்திலேயே நிற்கிறீர்கள். விவியன் மையர் யாருக்கு விளம்பரம் செய்தார்? பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாதியாக வேலை பார்த்துக்கொண்டு, தெருவில் நடந்து நடந்து ஒரு லட்சத்துக்கு மேல் படம் எடுத்தார். கழுவாத ஃபிலிம் ரோல்களே நூற்றுக்கணக்கில் கிடந்தன. இன்றைக்கு உலகம் முழுக்கக் கண்காட்சி வைக்கிறார்கள். வேலையில் உயிர் இருந்தால் அது தானாக வெளியே வரும்.

ஒளிநடை:
தானாக வரவில்லையே ஐயா. சேமிப்புக் கிடங்குக்கு வாடகை கட்ட முடியாமல் போய், 2007இல் அவர் பொருட்கள் ஏலத்துக்கு வந்தன. வாங்கியவர்களில் ஒருவரான ஜான் மலூஃப் 2009 அக்டோபரில் அந்தப் படங்களைப் படம் பகிரும் தளமான ஃபிளிக்கரில் போட்டு, இதை என்ன செய்யலாம் என்று கேட்டார். அந்த ஒரு பதிவுதான் விவியனை வெளியே கொண்டுவந்தது. அதாவது சமூக ஊடகம். விவியன் அந்த வருடம் ஏப்ரலிலேயே இறந்துவிட்டார். அவர் படங்களை நானும் நேசிக்கிறேன், ஆனால் மாதாமாதம் வீட்டுச் செலவு பார்க்க வேண்டிய ஒருவருக்கு அந்த வாழ்க்கையை வழிகாட்டியாகச் சொல்லாதீர்கள்.

நெகட்டிவ்பெட்டி:
ஏற்றுக்கொள்கிறேன், பிழைப்புக்கு அது உதாரணமாகாது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அவர் எடுக்கும்போதே அன்றன்றைக்கு லைக் எண்ணிக்கொண்டிருந்தால் அந்தப் படங்களை எடுத்திருப்பாரா? எது ஓடுகிறதோ அதையே திரும்ப எடுக்கும் பழக்கம் எனக்குத் தெரிந்த நல்ல கண்களைக் கெடுத்திருக்கிறது. ஒரே பொன்னிற வெயில், ஒரே முதுகு காட்டும் போஸ், ஒரே பழுப்பு நிற ப்ரீசெட், அதாவது ஒரே சொடுக்கில் போடும் ஆயத்த நிற அமைப்பு. பத்து பேர் பக்கத்தைக் கலந்து வைத்தால் யாருடையது எது என்று பிரிக்க முடியாது. கிளையன்ட் ஏன் உங்களைத்தான் கூப்பிட வேண்டும்?

கருவிழி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். யாரும் திருட்டைப் பற்றிப் பேசவில்லை.

2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்கத்தின்போது டேனியல் மோரல் என்ற புகைப்படக்காரர் தன் படங்களை ட்விட்பிக் என்ற படம் பகிரும் சேவை மூலம் ட்விட்டரில் வெளியிட்டார். வேறொருவர் அவற்றைத் தன்னுடையது போலப் போட, அங்கிருந்து ஏஎஃப்பி செய்தி நிறுவனம் எடுத்துக்கொண்டது, படங்களை விற்கும் கெட்டி நிறுவனம் வழியாக உலகம் முழுக்கப் போனது. பொதுவில் போட்டுவிட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்ற பாணியில் வாதாடிப் பார்த்தார்கள், நீதிமன்றம் ஏற்கவில்லை. 2013 நவம்பரில் ஜூரி 12 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. ஆக, போட்டதால் உரிமை போவதில்லை. ஆனால் அதை நிலைநாட்ட அவருக்கு ஏறக்குறைய நான்கு வருடம் ஆனது. நம்மில் எத்தனை பேரால் முடியும்?

அதனால் சில பழக்கங்கள். 1080 பிக்சல் அகலத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். ஃபோனில் பார்க்க அது தாராளம், தரமான அச்சுக்கு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் மூன்றரை அங்குலம்தான் வரும். இணையத்துக்கான பொது நிற அமைப்பான எஸ்ஆர்ஜிபியில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள், இல்லாவிட்டால் தோல் நிறம் மங்கி வரும். ஃபைலுக்குள் எழுதிவைக்கும் உங்கள் பெயரையும் காப்புரிமை விவரத்தையும் பல தளங்கள் ஏற்றும்போதே நீக்கிவிடுகின்றன, அதை நம்பி இருக்காதீர்கள். கேமராவிலிருந்து அப்படியே வரும் ரா ஃபைலை யாருக்கும் கொடுக்காதீர்கள். நாளைக்குச் சண்டை வந்தால் எடுத்தது நீங்கள்தான் என்று காட்ட அதைவிட நல்ல சாட்சி இல்லை.

மூன்றாம்கண்:
கருவிழி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பொதுவில் உள்ள பதிவுகளைத் தன் ஏஐ பயிற்சிக்குப் பயன்படுத்துவதாக இன்ஸ்டாவின் உரிமையாளரான மெட்டாவே சொல்கிறது. 2024இல் அதனால்தான் ஓவியர்களும் போட்டோகிராபர்களும் திரளாகக் காரா என்ற கலைஞர்களுக்கான தளத்தின் பக்கம் போனார்கள். நமக்குச் சம்பளம் இல்லை, கேள்வியும் இல்லை. ஒளிநடை, இதற்கு உங்கள் பதில் என்ன?

ஒளிநடை:
கோபம் எனக்கும் இருக்கிறது. ஆனால் போன இடத்தில் இருப்பவர்கள் யார் அண்ணா? நம்மைப் போன்ற கலைஞர்கள். போட்டோகிராபர்களுக்கான கிளாஸ் என்ற தளத்தில்கூடப் பொதுவில் லைக் எண்ணிக்கை இல்லை, விளம்பரம் இல்லை, படம் அழகாகத் தெரிகிறது. ஆனால் பார்க்க வருவதும் போட்டோகிராபர்தான். அங்கே பாராட்டு கிடைக்கும். நான் கல்யாணமும் குழந்தைகளும் எடுக்கிறவள், எனக்கு வேண்டியவர்கள் இருக்கும் இடத்தில்தான் நான் இருக்க முடியும்.

அகலக்கோணம்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். படம் யாருடையது என்று நீங்கள் பேசுவதெல்லாம் எடுத்தவரைப் பற்றியே இருக்கிறது. படத்தில் இருப்பவர்?

கல்யாணத்தில் அழுத அப்பா, மூன்று மாதக் குழந்தை, ஒப்பனை கலைந்து சிரிக்கும் பெண். இவர்கள் முகம்தான் உங்கள் விளம்பரம். காப்புரிமை உங்களிடம் இருக்கலாம், அதனால் அந்த முகத்தைக் கடை வாசலில் தொங்கவிடும் உரிமையும் வந்துவிடாது. பல நாடுகளில் விளம்பரத்துக்கு ஒருவர் படத்தைப் பயன்படுத்தத் தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும். சட்டத்தை விடுங்கள். அட்வான்ஸ் வாங்கும்போது நீட்டும் தாளில் பொடி எழுத்தில் "படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவோம்" என்று ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போடும் அவசரத்தில் யார் படிக்கிறார்கள்? அதைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னும் மோசம், "போடக்கூடாது என்றால் கூடுதல் கட்டணம்" என்பது. தன் குழந்தை முகத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ள ஒருவர் ஏன் பணம் கட்ட வேண்டும்?

ஒளிநடை:
அந்தக் கூடுதல் கட்டணம் நானும் வாங்குவதில்லை. ஆனால் வாங்குபவர்களின் கணக்கு எனக்குப் புரிகிறது. ஒரு வேலையில் சம்பளம் ஒரு பங்கு என்றால் அதைக் காட்டி அடுத்த வேலை பிடிப்பது இன்னொரு பங்கு. இரண்டாவது இல்லை என்றால் நஷ்டம்தானே.

அகலக்கோணம்:
அப்படியானால் அந்த இரண்டாவது பங்கு கிளையன்ட் உங்களுக்குக் கொடுக்கும் சலுகை. கட்டணத்தைச் சரியாக வைத்துவிட்டு, அனுமதி கொடுப்பவருக்கு ஒரு பெரிய பிரிண்ட் கொடுங்கள். கணக்கு அதேதான். மறுப்பவர் தண்டம் கட்டுகிற உணர்வோடு போகமாட்டார்.

கருவிழி:
இது எனக்குப் பிடித்திருக்கிறது. தாளில் எப்படி எழுதுவது?

அகலக்கோணம்:
நான் வைத்திருக்கும் மாதிரி இது. ஒப்பந்தத்தோடு ஒட்டாமல் தனித் தாளாக, வேலை முடிந்து படங்களைப் பார்த்த பிறகு கொடுப்பேன். பார்க்காத படத்துக்கு எப்படிச் சம்மதிப்பார்கள்? மூன்று கட்டம் இருக்கும். "எதையும் வெளியிட வேண்டாம்." "முகம் தெரியாத படங்களை வெளியிடலாம்." "நான் குறித்துக் கொடுத்த படங்களை வெளியிடலாம்." குழந்தைகளுக்குக் கீழே தனி வரி, பெற்றோர் கையெழுத்து. இடக் குறிப்பும் முழுப் பெயரும் போடமாட்டேன் என்று நான் கையெழுத்திடுவேன். கடைசி வரி: எப்போது கேட்டாலும் ஒரு வாரத்துக்குள் நீக்குவேன்.

இரண்டாவது கட்டத்தை நிறையப் பேர் தேர்ந்தெடுப்பார்கள். கோத்த கைகள், வெயிலில் பறக்கும் துணி, தோளில் தூங்கும் குழந்தையின் கால். நெகட்டிவ்பெட்டி ஐயா சொன்ன ஒரே மாதிரிப் படங்களிலிருந்து வெளியே வர எனக்கு இது உதவியது. முகத்தை நம்பாமல் படம் தேட வேண்டியிருக்கிறது.

மூன்றாம்கண்:
ஒளிநடை சொன்ன டேக் முறைக்கும் இது பொருந்தும் என்று தோன்றுகிறது. படத்தை அவர்களிடம் கொடுத்துவிடுகிறோம். போடுவதா வேண்டாமா, யாருக்குக் காட்டுவது என்பதை அவர்கள் முடிவு செய்கிறார்கள். நம் பக்கத்தில் தினமும் எதையாவது போட்டே ஆக வேண்டும் என்ற அவசரமும் இல்லை. ரீல்ஸ் விஷயத்தில் நான் இன்னும் மாறவில்லை. டேக் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி.

ஒளிநடை:
நன்றி அண்ணா. அகலக்கோணம், தனித் தாளை அடுத்த வேலையிலிருந்தே கொண்டுவருகிறேன், ஆனால் கடைசி வரியை அப்படியே ஏற்க முடியவில்லை. என் பக்கத்திலிருந்து நீக்கிவிடுவேன். கிளையன்ட்களுக்குக் காட்ட நான் அச்சடித்து வைத்திருக்கும் மாதிரி ஆல்பத்தில் இருந்தால்? மற்றவர்கள் ஏற்கெனவே பகிர்ந்துவிட்டிருந்தால்? என் கையில் இல்லாததற்கு நான் எப்படி வாக்குக் கொடுப்பது?

அகலக்கோணம்:
கொடுக்காதீர்கள். "என் பக்கங்களிலிருந்தும் இணையதளத்திலிருந்தும்" என்று திருத்திக்கொள்ளுங்கள். மாதிரி ஆல்பத்தில் அந்தத் தாளைப் பிரித்து மாற்றுகிறமாதிரி பைண்டிங் செய்யச் சொல்லுங்கள். மற்றவர்கள் பகிர்ந்தது திரும்பி வராது என்பதைக் கையெழுத்துக்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்ட பிறகு சிலர் முதல் கட்டத்துக்கு மாறுவார்கள். மாறட்டும்.