நெட் அசெஸ்மென்ட்: 'படைவலுச் சீர்தூக்கல்' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

இரு தரப்பின் படைவலுவை ஒப்பிட்டு எடைபோடுவதை ஆங்கிலத்தில் நெட் அசெஸ்மென்ட் (net assessment) என்கிறார்கள். அதற்கு 'நிகர மதிப்பீடு' என்று இந்த இழையில் வந்த பரிந்துரையில் எனக்கு உடன்பாடில்லை. நிகர லாபம், நிகர வருமானம் என்று நாம் சொல்லிப் பழகியது கழித்தது போக மிஞ்சுவதை. அமெரிக்கா, ஐரோப்பிய நாடுகளின் இராணுவக் கூட்டணியான நேட்டோவின் டாங்கிகளிலிருந்து ரஷ்யாவின் டாங்கிகளைக் கழித்தால் என்ன மிஞ்சும் என்று இந்தத் துறை கேட்பதே இல்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பென்டகனில் இதற்கென்று 1973இல் ஓர் அலுவலகம் தொடங்கினார்கள், ஆண்ட்ரூ மார்ஷல் 2015 தொடக்கம் வரை அதன் தலைவராக இருந்தார். நம் பக்கம், எதிர்ப்பக்கம், நம்மோடு சேர்ந்தவர்கள் என்று மூன்றையும் ஒன்றாக வைத்து, எந்த இடத்தில் மோதல், எத்தனை நாளில் யார் வந்து சேர்வார்கள், எதிரி நம்மைப் பற்றி என்ன கணக்குப் போட்டிருக்கிறான் என்பது வரை எடைபோடுவதுதான் அங்கே வேலை.

'படைபலம்' போதும், புதுச்சொல் எதற்கு என்ற கேள்விக்கு இரண்டாம் உலகப் போரின் 1940 மே மாதமே பதில் சொல்லும். மேற்குமுனையில் பிரான்ஸ், பிரிட்டன், பெல்ஜியம், நெதர்லாந்து நான்கையும் கூட்டினால் டிவிஷன் (பல்லாயிரம் வீரர்கள் கொண்ட படைப்பிரிவு) எண்ணிக்கை ஜெர்மனிக்குச் சமமாகவே வரும். டாங்கிகள் நேச நாடுகளிடம் மூவாயிரத்துக்கும் மேல், ஜெர்மனியிடம் சுமார் 2,500. விமானத்தில் மட்டும் ஜெர்மனியின் கை ஓங்கியிருந்தது. மே 10இல் தொடங்கிய போரில் ஐந்து நாளில் நெதர்லாந்து விழுந்தது, 28ஆம் தேதி பெல்ஜியம் சரணடைந்தது, ஜூன் 22இல் பிரான்ஸ் போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டது. எங்கே போனது அந்தக் கூட்டல்? பெல்ஜியம் 1936இல் நடுநிலைக்குத் திரும்பிவிட்டதால், பிரெஞ்சுப் படையோடு உட்கார்ந்து முறையாக ஒரு கூட்டுத் திட்டம் போடவே இல்லை. பிரெஞ்சுத் தலைமைத் தளபதி கமேலன் வின்சென் கோட்டையில் இருந்தார், அந்தத் தலைமையகத்தில் ரேடியோ கிடையாது. பிரான்சின் ஷார் பி1 டாங்கி கவசத்தில் ஜெர்மன் டாங்கிகளை விஞ்சியதுதான், ஆனால் அதன் சுழல்மேடையில் (பீரங்கியோடு சுழலும் மேற்பகுதியில்) ஒரே ஆள், அவரே வெளியே பார்த்து, அவரே பீரங்கியில் குண்டை நிரப்பி, குறிவைத்துச் சுட்டு, உள்ளே இருக்கிறவர்களுக்கு உத்தரவும் கொடுக்க வேண்டும். ஜெர்மனியின் மூன்றாம், நான்காம் வகைப் பான்சர் டாங்கிகளில் அதே வேலைக்கு மூன்று பேர். எண்ணிப் பார்த்தால் இதுவும் ஒரு டாங்கி, அதுவும் ஒரு டாங்கி.

இன்றைய செய்திகளிலும் இதே குழப்பம்தான். ஸ்டாக்ஹோமில் உள்ள ஆய்வு நிறுவனமான சிப்ரியின் கணக்குப்படி 2024இல் நேட்டோ நாடுகளின் மொத்த இராணுவச் செலவு சுமார் 1,50,600 கோடி டாலர், ரஷ்யாவுடையது ஏறக்குறைய 14,900 கோடி டாலர். பத்து மடங்கு 'படைபலம்' என்று தலைப்பு போட்டுவிடலாம். ஆனால் ரஷ்யா தன் குண்டுக்கும் சிப்பாய்க்கும் கொடுப்பது உள்நாட்டு விலை, உள்நாட்டுச் சம்பளம், அதனால் அங்கே ஒரு டாலருக்கு வாங்க முடிவது வேறு. அப்புறம் நேட்டோவின் அந்த 32 நாட்டுச் செலவில் பெரும்பங்கு அமெரிக்காவுடையது, அதன் படை பசிபிக்கிலும் நிற்க வேண்டியிருக்கிறது. ரயில் தடத்தின் அகலத்தைப் பாருங்கள்: போலந்து வரை 1,435 மி.மீ., எஸ்டோனியா உள்ளிட்ட பால்டிக் நாடுகளின் பழைய தடம் 1,520 மி.மீ. மேற்கிலிருந்து ரயிலில் ஏற்றிய டாங்கியை எஸ்டோனியாவுக்குக் கொண்டுபோக, வழியில் இறக்கி வேறு வண்டியில் ஏற்ற வேண்டும். ரஷ்யாவின் தடமும் 1,520தான். இந்த 85 மி.மீ. எந்தப் படைபலப் பட்டியலிலும் வராது. இதையும் எடையில் ஏற்றுகிற செயலுக்குத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

அந்தச் செயலை வள்ளுவர் ஒரே குறளில் முழுதாகச் சொல்லிவிட்டார். திருக்குறள் 471, வலியறிதல் அதிகாரம்:

வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும்
துணைவலியும் தூக்கிச் செயல்.

செய்யப்போகும் வேலை எவ்வளவு கடினம், நம்மிடம் என்ன இருக்கிறது, எதிர்த்தரப்பிடம் என்ன, இரு தரப்புக்கும் துணை வருகிறவர்களிடம் என்ன என்று நான்கையும் நிறுக்கச் சொல்கிறார். துணைவலி நம் துணையை மட்டுமல்ல, எதிரியின் துணையையும் குறிக்கும் என்பது பரிமேலழகர் உரை. அதைப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. நேட்டோவை எண்ணிவிட்டு ரஷ்யாவின் துணையான பெலாரஸை விட்டுவிடும் கட்டுரைகளுக்கு அந்த உரை ஒன்றே போதும்.

ஆனால் 'துணைவலி' என்று அப்படியே எடுத்தால் இன்றைய வாசகர் தலைவலி, பல்வலி வரிசையில்தான் படிப்பார். எனவே வலு. இலங்கைத் தமிழில் இயற்பியலின் பவர் என்பதற்கே வலுதான், நாம் குதிரைத்திறன் என்பதை அங்கே பரிவலு என்கிறார்கள், மின்வலு என்று அமைச்சின் பெயரிலேயே இருந்தது. தமிழ்நாட்டிலும் 'வலுவான அணி' என்றால் யாருக்கும் விளக்க வேண்டாம். வலுச்சண்டை, வலுக்கட்டாயம் நினைவுக்கு வரும் என்று சிலர் தயங்கலாம். முன்னால் 'படை' சேர்ந்தால் அந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

'தூக்கி' என்பதிலிருந்து தூக்கம் என்று பெயர்ச்சொல் ஆக்க முடியாது, தூக்கல் என்றாலும் சமையலில் உப்பு தூக்கல் என்பதுதான் காதில் விழும். சீர்தூக்கிப் பார்ப்பது மட்டும் இன்றும் எல்லோர் வாயிலும் இருக்கிறது, அதில் எடைபோடும் பொருளும் கெடவில்லை. ஆகவே என் பரிந்துரை 'படைவலுச் சீர்தூக்கல்'. வினையாகவும் வளைகிறது: "இரு தரப்பின் படைவலுவையும் சீர்தூக்கினால்" என்று எழுதலாம். நிகர மதிப்பீட்டில் இது வராது, "நிகர மதிப்பிட்டால்" என்று யாரும் எழுதமாட்டார்கள்.

கூடவே மூன்று சொற்கள். ஆள், டாங்கி, விமானக் கணக்குக்குப் படைத்தொகை. கூட்டணி நாடுகளிலிருந்து உண்மையில் வந்து சேரக்கூடியதற்குத் துணைவலு. இன்னும் போர் மூளாத போட்டி நாட்டை எதிரி என்று எழுதாமல், அதன் வலுவை மாற்றார்வலு என்று குறிக்கலாம். மாற்றான் பழஞ்சொல், புரியாது என்ற ஆட்சேபம் இங்கே வந்தது. மாற்றான் தோட்டத்து மல்லிகைக்கும் மணம் உண்டு என்று அண்ணா சொன்னது மேடைமேடையாக இன்றும் ஒலிக்கிறதே, பிறகென்ன?

வெவ்வேறு நாட்டுப் படைகளும் கருவிகளும் ஒன்றோடொன்று ஒத்து இயங்குவதைக் குறிக்கும் இன்டர்ஆப்பரபிலிட்டிக்கு 'கூட்டியங்குதிறன்' என்று வைத்திருக்கிறேன். எல்லோரும் 155 மி.மீ. பீரங்கி வைத்திருந்தும் எல்லா நாட்டுக் குண்டும் எல்லாப் பீரங்கிக்கும் ஒத்துப்போகாத நிலையை எழுதும்போது இந்தச் சொல் கட்டாயம் தேவைப்படும். கூட்டு + இயங்கு என்று பிரிகிறதா, கூட்டி + இயங்கு என்று படிக்கிறார்களா என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. இலக்கணம் அறிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். 'இணைந்தியங்குதிறன்' என்றால் நீளம் கூடினாலும் அந்தக் குழப்பம் வராது.