குன்னூரில் வீடு, புதுச்சேரியில் கடல்: ஜாக்கெட் வாங்குவதா, விங் வாங்குவதா?

வெலிங்டன் ஆசிரியர்:

வணக்கம். குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். புதுச்சேரியில் ஸ்கூபா கற்றுச் சான்றிதழ் வாங்கி, இதுவரை பதினான்கு டைவ் முடித்திருக்கிறேன். எல்லாமே வாடகை ஜாக்கெட்டில். போன மாதம் கிடைத்தது தோளுக்கு மேல் ஏறிக் காதை மறைத்தது. சொந்தமாக ஒரு பி.சி.டி. (காற்றை ஊதியும் வெளியேற்றியும் நீருக்குள் மிதப்பைச் சரிசெய்ய மாட்டிக்கொள்வது) வாங்கப் பணம் சேர்த்துவிட்டேன். ஜாக்கெட் வாங்கலாமா, முதுகுத் தகடும் அதில் மாட்டும் காற்றுப் பையான விங்கும் தனித்தனியாக வருகிறதே, அதை வாங்கலாமா? ஆண்டுக்கு ஏழெட்டு நாள்தான் கடலில் இருப்பேன். எடை 74 கிலோ, 3 மி.மீ. உடுப்பு, மூழ்குவதற்குக் கட்டுவது 8 கிலோ ஈயம். ஞாயிறு இரவு பஸ் ஏறித் திங்கள் காலை பள்ளிக்கு வந்துவிடுவேன்.

கோத்தகிரி அக்கா:

தம்பி, நம் ஊரில் குடியிருப்பவருக்கு ஜாக்கெட் ஆகாது. அது காயவே காயாது.

நான் முதலில் வாங்கியது, தோளிலும் முதுகிலும் மெத்தை வைத்துத் தைத்த ஜாக்கெட். ஐப்பசியில் அந்தமானிலிருந்து திரும்பி, அலசிப் பின்கட்டில் தொங்கவிட்டேன். மூன்று வாரம் வெயில் முகமே தெரியவில்லை. தையல் ஓரமெல்லாம் சாம்பல் பூத்தாற்போல் பூஞ்சை. துடைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். காற்றுக் குழாயைக் கீழே பிடித்துப் பொத்தானை அழுத்தியபோது பழுப்புத் தண்ணீர் ஒரு டம்ளர் வந்தது. அதன் பின்னாலேயே கறுப்புத் துகள்கள். அந்தக் குழாயில்தான் வாய் வைத்து ஊதுகிறோம்.

இப்போது வைத்திருப்பது அலுமினியத் தகடு, 5 செ.மீ. அகல வார், 13 கிலோ தூக்கும் விங். சிலிண்டர் பட்டைகளை உருவினால் தகடும் விங்கும் பிரிந்துவிடும். தகட்டைத் துணியால் துடைத்தால் போதும். விங்குக்குள் நல்ல தண்ணீர் விட்டு இரண்டு முறை குலுக்கி வடித்து, பாதி ஊதி நிழலில் மாட்டுவேன். கணப்புக்குப் பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள். சூட்டில் ஒட்டு விட்டுப்போகும்.

நான் விமானத்தில் 15 கிலோவுக்குள் மூட்டை கட்ட வேண்டியிருப்பதால் அலுமினியம். பஸ்ஸில் போகிற நீங்கள் எஃகுத் தகடே எடுங்கள். அது இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். ஏறக்குறைய அந்த அளவுக்கு இடுப்பில் ஈயம் குறையும்.

அந்த 8 கிலோதான் எனக்கு உறுத்துகிறது. அடுத்த முறை டைவ் முடிவில், சிலிண்டரில் 50 பார் (காற்றழுத்த அளவு) மிச்சமிருக்கும்போது, நீர்மட்டத்தில் பையைக் காலி செய்துவிட்டு, இயல்பாக மூச்சிழுத்து அசையாமல் நில்லுங்கள். தண்ணீர் கண்ணளவில் நிற்க வேண்டும். மூழ்கினால் ஒவ்வொரு கிலோவாகக் கழற்றிப் படகில் கொடுங்கள். தொடக்கத்திலேயே பார்த்தால் கணக்குத் தவறும்; 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் காற்றே இரண்டரைக் கிலோவுக்கு மேல் கனக்கிறது, அதில் பெரும்பகுதியை நாம் மூச்சுவிட்டுத் தீர்த்திருப்போம். ஈயம் கூடினால் அதைத் தூக்கப் பையில் காற்றும் கூட வேண்டும். 10 மீட்டரில் இருந்த காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரிகிறது. நின்ற இடத்தில் நிற்க முடியாமல் எகிறிப் போகிறவர்களில் பலருக்கு இதுதான் கோளாறு.

கொடைக்கானல் நண்பர்:

பூஞ்சைத் தொல்லை எங்களுக்கும் உண்டு. ஆனாலும் அலையில் படகுக்குக் காத்திருக்கும் அந்தப் பத்து நிமிடத்தை யோசியுங்கள். ஜாக்கெட் நிமிர்த்திப் பிடிக்கும். விங் முகத்தை முன்னால் தள்ளும். என் மனைவி ஒரே நாளில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வாங்குமுன் இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள் சார்.

கோத்தகிரி அக்கா:

இரவல் வாங்கிப் பார்ப்பது நல்ல யோசனை. ஈயம் முழுவதையும் இடுப்பின் முன்புறம் கட்டி, விங்கை முட்ட ஊதினால் அப்படித்தான் தள்ளும். கொஞ்சம் ஈயத்தைச் சிலிண்டர் பட்டைக்கு மாற்றுங்கள். தேவையான அளவு மட்டும் ஊதி, பின்னால் சாய்ந்து படுங்கள். கவட்டு வாரையும் மறக்காமல் மாட்டுங்கள்; தோளுக்கு மேல் ஏறும் தொல்லை அதோடு தீரும்.

தம்பி, அந்த ஞாயிறு இரவு பஸ்தான் எனக்குக் கவலை. டைவில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுமுன் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால் குமிழியாகி ஆபத்தாகலாம்; அதனால் பல டைவ் செய்தவர்கள் விமானம் ஏற 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். குன்னூர் 1,850 மீட்டர்; பறக்கும் விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தமும் கிட்டத்தட்ட இந்த உயரத்தில் இருப்பதுதான். மலைப்பாதைக்கும் அதே கணக்கு வையுங்கள். ஞாயிறு காலை 11 மணிக்குள் கடைசி டைவ் முடிந்தால், திங்கள் விடியற்காலை 5 மணிக்கு மேல் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறலாம். பிற்பகல் டைவ் வேண்டுமென்றால் திங்களுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

வெலிங்டன் ஆசிரியர்:

அக்கா, போன முறை ஞாயிறு மூன்று மணிக்குக் கரையேறினேன். மறுநாள் ஏழு மணிக்கு வீட்டில் இருந்தேன். இதைப் படித்த பிறகு கை சில்லிட்டுவிட்டது. அடுத்த மாதம் சனிக்கிழமை இரண்டு, ஞாயிறு காலை ஒன்று, அவ்வளவுதான். எஃகுத் தகடும் விங்கும் இரவல் தர ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். 50 பாரில் எத்தனை கிலோ கழன்றது என்று வந்து எழுதுகிறேன்.