த்ரிஸ்தான் முராயின் இசையைக் கர்நாடக இசை ரசிகர்களுக்கு எங்கிருந்து தொடங்கி அறிமுகப்படுத்துவது?

மந்தைவெளி வீணை:

அனைவருக்கும் வணக்கம். மந்தைவெளியில் பல ஆண்டுகளாக வீணை கற்றுக்கொடுத்து வருகிறேன். மாதம் ஒருமுறை எங்கள் வீட்டுக் கூடத்தில் இருபது பேர் கூடி, ஏதேனும் ஓர் இசையை முழுமையாகக் கேட்டு, பிறகு அதைப் பற்றிப் பேசுவது வழக்கம். பெரும்பாலும் கீர்த்தனைகளும் ராகம் தானம் பல்லவிகளும்தான் கேட்போம். வருகிற மாதம், இன்று நம்மோடு வாழும் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒருவரைப் பற்றி ஒன்றரை மணி நேரம் நடத்தும் பொறுப்பை நான் ஏற்றிருக்கிறேன். அவர் பெயர் த்ரிஸ்தான் முராய்.

அவருடைய இசையை எனக்குக் காட்டியவள் என் தங்கை மகள். ஒரு நாள் மாலை அவள் ‘டெரித்துவார் தெ லூப்லி’ என்னும் தனிப் பியானோ படைப்பைக் கேட்கச் செய்தாள். ‘மறதியின் நிலங்கள்’ என்று தலைப்புக்குப் பொருள் சொன்னாள். 1977இல் எழுதப்பட்ட, ஏறத்தாழ அரை மணி நேரம் நீளும் அந்தப் படைப்பில், வாசிப்பவர் வலப்பக்க மிதிகட்டையிலிருந்து காலை எடுப்பதே இல்லை. ஆகவே தட்டிய எந்தச் சுரமும் அடைக்கப்படாமல், தானாகத் தேய்ந்து மறையும்வரை ஒலித்துக்கொண்டே இருக்கிறது. கேட்கத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே எனக்குத் தம்புராவின் குடத்தில் காதை வைத்தது போன்ற உணர்வு வந்துவிட்டது. மந்தரக் கம்பியை மீட்டிவிட்டுக் காத்திருந்தால், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் மேலே மெல்லத் துலங்கும் அல்லவா? அதைச் சுயம்பு காந்தாரம் என்று சொல்லி என் குருநாதர் காட்டிக்கொடுத்த நாள் இன்றும் நினைவிருக்கிறது. அந்தக் காந்தாரத்தைப் போலத் தானே பிறக்கிற ஒலிகளைக் கொண்டே ஒருவர் முழுப் படைப்பையும் எழுதியிருக்கிறாரோ என்று தோன்றியது.

எனக்கு இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. தம்புராவோடு வைத்துப் பேசுவது இசையியல்படி சரியா, அல்லது என் காதின் பழக்கம் அப்படிச் சொல்ல வைக்கிறதா? மேலும், மேற்கத்திய இசையில் பயிற்சி இல்லாத, ஆனால் சுருதியை மிக நுட்பமாகக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு அவருடைய படைப்புகளில் எவற்றை, எந்த வரிசையில் போட்டுக்காட்டலாம்?

கோடம்பாக்கம் ஒலிநாடா:

வணக்கம் அம்மா. ஒலிப்பதிவுக் கூடங்களில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் உங்கள் முதல் ஐயத்துக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். தம்புராவில் நீங்கள் கேட்டது கற்பனையன்று. மந்தரக் கம்பி நொடிக்கு 100 முறை அதிர்வதாகக் கணக்குக்காக வைத்துக்கொண்டால், அதே கம்பியிலிருந்து 200, 300, 400, 500 என்று அதன் மடங்குகளும் கூடவே எழுகின்றன. 300 பஞ்சமம், 400 ஷட்ஜம், 500தான் உங்கள் அந்தர காந்தாரம். குதிரையின் வளைந்த மேற்பரப்பும் அதன்மேல் வைக்கும் ஜீவா நூலும் இந்த மேற்சுரங்களை வலுப்படுத்துவதால்தான் அவை வெறும் காதுக்கே எட்டுகின்றன. நம் மாநிலக் கல்லூரியில் படித்த சி. வி. ராமன், மிருதங்கத்தின் மேற்சுரங்களைப் பற்றி 1920இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியதோடு நில்லாமல், தம்புரா, வீணை ஆகியவற்றின் குதிரையமைப்பையும் ஆராய்ந்திருக்கிறார். அந்தச் செய்தியை உங்கள் கூடத்தில் அவசியம் சொல்லுங்கள்.

இன்னும் மேலே போனால் விஷயம் சுவையாகிறது. ஏழாவது மடங்கான 700, கைசிகி நிஷாதத்தைவிடச் சற்றே தாழ்ந்து நிற்கிறது. பதினொன்றாவது மடங்கான 1100, சுத்த மத்தியமத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் இடையில் எங்கேயோ விழுகிறது. பியானோவின் கட்டைகளில் இவற்றுக்கு இடமே கிடையாது. முராயும், அவருடைய நண்பரான ஜெரார் க்ரிஸேயும் இந்த இடங்களைத் தவிர்க்காமல், வயலின்காரரையும் குழல்காரரையும் கால் சுரம் ஏற்றியோ இறக்கியோ வாசிக்கச் சொல்லி, அவற்றை நெருங்கினார்கள். க்ரிஸே 1975இல் எழுதிய ‘பார்சியெல்’ என்னும் படைப்பு, டிராம்போனின் அடிச்சுரம் ஒன்றில் எந்தெந்த மேற்சுரங்கள் எவ்வளவு வலுவோடு இருக்கின்றன என்பதை ஆய்ந்து, அவற்றைப் பதினெட்டு வாத்தியக்காரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. ஒரே ஒலியின் உள்ளே இருந்தவை ஒரு குழுவின் இசையாக விரிகின்றன. இவ்வகை இசைக்கு ‘நிறமாலை இசை’ என்ற பெயர் 1979இல் யூக் துஃபூர் என்ற இசையமைப்பாளரால் வந்தது. முராய்க்கு அந்தப் பெயரில் பெரிய விருப்பம் இருந்ததில்லை.

என் தொழிலுக்கு நெருக்கமான இன்னொரு படைப்பையும் சொல்ல வேண்டும். 1976இல் அவர் எழுதிய ‘மெம்வார் / எரோஸியோன்’, ஒரு ஹார்னுக்கும் ஒன்பது வாத்தியங்களுக்கும் ஆனது. ஒலிநாடாவைச் சுற்றவிட்டு, பதிந்ததை மீண்டும் மீண்டும் பதிந்தால், ஒவ்வொரு பிரதியிலும் ஒலி கொஞ்சம் மங்கி, இரைச்சல் கொஞ்சம் கூடி, கடைசியில் மூலம் எதுவென்றே தெரியாமல் போகும். அந்தத் தேய்மானத்தை அவர் எந்த மின்கருவியும் இல்லாமல், ஹார்ன் வாசிப்பதை மற்ற ஒன்பது பேரும் சற்றுத் தாமதித்துத் திரும்பச் சொல்வதன் மூலமே உண்டாக்குகிறார். நாடாவோடு பல இரவுகள் போராடியவன் என்பதாலோ என்னவோ, அதைக் கேட்டு நான் மனம் கலங்கியிருக்கிறேன்.

சாந்தோம் பியானோ:

வணக்கம். நான் பியானோ கற்பிப்பவள். ஐயா எழுதிய ஒலியியலில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் தம்புரா ஒப்புமையை எதுவரை கொண்டுபோகலாம் என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

முதலில் அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1947இல் லெ ஆவ்ர் என்ற துறைமுக நகரில் பிறந்தார். தந்தை கவிஞர்; உடன்பிறந்த மூவரும் எழுத்தாளர்கள். அவர்களுள் மரி-ஓத் முராய், குழந்தை இலக்கியத்துக்கான ஹான்ஸ் கிறிஸ்தியன் ஆண்டர்சன் விருதை 2022இல் பெற்றவர். முராய் முதலில் பொருளாதாரமும் அரபு மொழியும் படித்துவிட்டு, அதன் பிறகே பாரிஸ் இசைக் கல்லூரியில் ஒலிவியே மெஸ்ஸியானின் வகுப்பில் சேர்ந்தார். 1971இல் ரோம் பரிசு பெற்று அந்நகரில் தங்கியிருந்தபோது, ஒரே சுரத்துக்குள் நுழைந்து அதையே படைப்பாக்கிக்கொண்டிருந்த இத்தாலியரான ஜச்சிந்தோ ஷெல்ஸியைச் சந்தித்தார். ஊர் திரும்பி, 1973இல் க்ரிஸே, மிக்காயெல் லெவினாஸ், ரொஜே தெஸ்ஸியே ஆகியோரோடு ‘லித்தினெரேர்’ என்ற வாத்தியக் குழுவை நிறுவினார். புதிய இசைக்கு வாசிப்பவர்கள் வேண்டும். அவர்களைத் தாங்களே திரட்டிக்கொண்டார்கள். பிற்பாடு பாரிஸின் இர்காம் ஆய்வு நிலையத்தில் கற்பித்ததும், 1997 முதல் பத்தாண்டுகளுக்கு மேல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்ததும் அந்தப் பாதையின் தொடர்ச்சி.

அவர் ஓந்த் மர்த்தெனோ என்னும் மின்னிசைக் கருவியைத் தேர்ந்து வாசித்தவர் என்பதை உங்கள் ரசிகர்களிடம் அழுத்திச் சொல்லுங்கள். 1928இல் உலகுக்கு அறிமுகமான அந்தக் கருவியில், விரலில் மோதிரத்தை மாட்டிக்கொண்டு ஒரு நாடாவின் வழியே இழுத்தால், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இடைவெளியே இல்லாமல் வழுக்கிச் செல்லலாம். மெஸ்ஸியானின் ‘துரங்கலீலா’ சிம்பொனியின் பெயர்பெற்ற ஒலிப்பதிவுகள் சிலவற்றில் அதை வாசித்திருப்பவர் முராய்தான்.

மெஸ்ஸியானின் பெயர் வந்தவுடன் ஒரு தவறான முடிவுக்கு வருவது எளிது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் ‘சங்கீத ரத்னாகரம்’ பட்டியலிடும் நூற்றிருபது தேசி தாளங்களை மெஸ்ஸியான் ஆழ்ந்து பயின்று தம் இசையில் கையாண்டார் என்பது உண்மை. ஆனால் அது லயம் சார்ந்த உறவு, அது ஆசிரியருடையது. மாணவருடைய இசை நம் நாட்டிலிருந்து வந்தது என்று சொல்ல இடமில்லை. 1994இல் முடித்த ‘லெஸ்ப்ரி தே த்யூன்’ என்னும் படைப்பில் அவர் திபெத்திய ஓதலையும், ஒரே குரலில் மேற்சுரத்தைத் தனியே பிரித்துப் பாடும் மங்கோலியக் கலையையும் நேரடியாக எடுத்தாண்டார். ஆசியா வெளிப்படையாகத் தெரிவது அங்கேதான்.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. தம்புரா ஆதார சுருதி, அது அசையாது. அது அசையாமல் இருப்பதால்தான் பாடுபவர் அதன்மேல் நடமாட முடிகிறது. முராயிடம் அசையாத ஷட்ஜம் கிடையாது. உங்கள் ரசிகர்கள் ஷட்ஜத்துக்குத் திரும்பும் இடத்தை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தால், அரை மணி நேரமும் ஏமாற்றமாகவே கழியும்.

மந்தைவெளி வீணை:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சாந்தோம் அம்மா எழுதியதைப் படித்துவிட்டு நேற்றிரவு அந்தப் பியானோ படைப்பை மீண்டும் கேட்டேன். நீங்கள் சொன்ன வேறுபாடு உண்மைதான். முதல் முறை கேட்டபோது, பழக்கத்தால் என் மனம் ஓர் ஆதாரத்தைத் தானாக வைத்துக்கொண்டு, அது நகரும்போதெல்லாம் அதையும் சேர்த்து நகர்த்திக்கொண்டிருந்தது. இந்த முறை அதை விட்டுவிட்டேன். அப்போதுதான், வீணையில் ஒரு தந்தியை மீட்டினால் தொடாத தந்திகளும் சிலிர்ப்பதைப் போல, பியானோவின் மற்றத் தந்திகள் தாமாக அதிர்வதைக் கேட்க முடிந்தது. புதிய சுரம் ஒன்று தட்டப்படும்போது, அது ஏற்கெனவே அந்த அதிர்வுக்குள் இருந்து இப்போது வெளியே வந்ததாகத் தோன்றியது.

ஆகவே கூட்டத்தில் தம்புராவைக் கட்டாயம் மீட்டிக்காட்டுவேன். “இதில் நாம் கேட்கப் பழகிய அந்தக் காந்தாரத்தைத் தேடும் காது மட்டும் போதும், ஷட்ஜத்தை வாசலில் விட்டுவிட்டு வாருங்கள்” என்று சொல்லித் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். ‘கோந்த்வானா’ என்ற படைப்பை என் தங்கை மகள் மிகவும் வற்புறுத்துகிறாள். அதைப் பற்றி யாராவது விளக்க முடியுமா?

கோடம்பாக்கம் ஒலிநாடா:

அம்மா, அதை விட்டுவிடாதீர்கள். 1980இல் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்காக எழுதப்பட்டது. பழைய பெருங்கண்டத்தின் பெயரைத் தாங்கியிருக்கிறது. நம் நடு இந்தியாவின் கோண்டு மக்கள் வாழும் நிலப்பகுதியிலிருந்துதான் அந்தக் கண்டத்துக்கே அப்பெயர் வந்தது.

அதன் தொடக்கம் மணியோசை போன்ற பேரொலி. ஆனால் அது எந்த மணியிலிருந்தும் எடுக்கப்பட்டதன்று. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டறிந்த அதிர்வெண் பண்பேற்ற முறையின் (ஓர் அதிர்வின் வேகத்தை இன்னோர் அதிர்வால் ஏற்றி இறக்கிப் புதிய ஒலிகளைப் பிறப்பிக்கும் முறை) கணக்கை, கணினிக்குப் பதிலாக வாத்தியக்காரர்களுக்கு முராய் கொடுத்தார். 400 என்ற அதிர்வெண்ணை 130ஆல் பண்பேற்றினால் 530, 660, 790 என்று கூட்டல்களும், 270, 140 என்று கழித்தல்களும் பிறக்கும். இவை எளிய மடங்குகளாக ஒன்றோடொன்று பொருந்தாததால் காதுக்கு மணிபோலத் தெரியும். அதே 400ஐ 200ஆல் பண்பேற்றினால் 600, 800, 1000 என்று எல்லாம் வரிசையில் அமைந்து, பித்தளைக் குழலின் நாதம் கிடைக்கும். ‘கோந்த்வானா’வின் முதல் பகுதி முழுவதும் மணியிலிருந்து பித்தளைக் குழலுக்கு, படிப்படியாக, ஒவ்வொரு அடியிலும் நாதத்தின் உள்ளமைப்பையே மாற்றிக்கொண்டு நகர்கிறது. எண்பதுகளில் எங்கள் கூடங்களுக்கு வந்த யமஹா டிஎக்ஸ் 7 என்ற மின்னிசை விசைப்பலகை இதே முறையில்தான் இயங்கியது. அதன் மணியொலிகளை நம் திரைப்பாடல்களில் கேட்டு வளர்ந்த செவிகள் உங்கள் கூடத்திலும் இருக்கும். அதே கணக்கை மனிதர்களின் மூச்சும் வில்லும் நிகழ்த்தும்போது கிடைக்கும் ஆழத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

பெசன்ட் நகர் அலை:

வணக்கம். நான் மேற்கத்திய இசையமைப்பு பயிலும் மாணவன். வரிசையைப் பற்றி என் கருத்தைச் சொல்லலாமா?

‘த்ரேஸ் கூலேர் த்யு சொலெய் கூஷான்’, அதாவது ‘மறையும் சூரியனின் பதின்மூன்று வண்ணங்கள்’, 1978இல் ஐந்தே வாத்தியங்களுக்காக எழுதப்பட்டது: புல்லாங்குழல், கிளாரினெட், வயலின், செல்லோ, பியானோ. ஏறத்தாழ கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். வாத்தியங்கள் குறைவு என்பதால் ஒலி எப்படிப் பிறக்கிறது என்பதைத் தெளிவாகப் பின்தொடரலாம். அதை முதலில் வைத்து, ‘கோந்த்வானா’வின் முதல் பகுதியை அடுத்துப் போட்டு, ‘மறதியின் நிலங்க’ளை முழுமையாகக் கடைசியில் கேட்கச் செய்யுங்கள். 1983இல் இர்காமில் முடித்த ‘தெசேந்தெக்ரசியோன்’ மிகச் சிறந்த படைப்பு. பதினேழு வாத்தியங்களும் கணினி உருவாக்கிய ஒலியும் எது எது என்று பிரிக்க முடியாதபடி கலக்கின்றன. ஆனால் ஒரே மாலைக்கு அது அதிகமாகிவிடும்; வேறொரு மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு மிகவும் நெருக்கமானது 1996இல் வந்த ‘லெ பார்த்தாஜ் தெஸோ’. கரையில் மோதி உடையும் அலையையும், அது பின்வாங்கும்போது எழும் ஓசையையும் கணினியால் ஆய்ந்து, அதிலிருந்து அந்த ஆர்க்கெஸ்ட்ரா படைப்பின் நாதங்களை அவர் உருவாக்கினார். முதன்முறை கேட்டபின் எலியட்ஸ் கடற்கரைக்குப் போய், அலை மணலிலிருந்து இறங்கும்போது மேலே ஒரு மெல்லிய சீறலும் கீழே ஒரு முனகலும் தனித்தனியாக இருப்பதை வெகுநேரம் கேட்டுக்கொண்டு நின்றேன்.

இறந்தவர்களுக்காக அவர் எழுதியவற்றையும் குறிப்பிட விரும்புகிறேன். மெஸ்ஸியான் மறைந்த 1992இல், ஆசிரியரின் இளம்வயதுப் பியானோ படைப்பொன்றின் தலைப்பை நினைவூட்டும்படி ‘விடைபெறும் மணிகள், ஒரு புன்னகை’ என்னும் சிறு பியானோ படைப்பை எழுதினார். 1998இல் க்ரிஸே ஐம்பத்திரண்டு வயதில் காலமானபின், 2000இல் ‘வின்டர் ஃப்ராக்மென்ட்ஸ்’ வந்தது. அதில் க்ரிஸேயின் ‘ப்ரோலோக்’ படைப்பின் சிறு சுரக்கோவை ஒன்று பனிமூட்டத்துக்குள்ளிருந்து மெல்ல எழுகிறது. முப்பது ஆண்டுகள் ஒன்றாகத் தேடிய நண்பனுக்கு அவர் செலுத்திய அஞ்சலியை, அந்தக் கோவையை முன்கூட்டி ஒருமுறை கேட்டுவிட்டால் உங்கள் கூட்டத்தினரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். நேரம் மிஞ்சினால் அதையும் சேருங்கள்.

சாந்தோம் பியானோ:

தம்பி சொன்ன வரிசையை நானும் ஏற்கிறேன். ‘வின்டர் ஃப்ராக்மென்ட்ஸ்’ சேர்ப்பதானால் பியானோ படைப்புக்கு முன்னால் சேர்த்துவிடுங்கள். ‘மறதியின் நிலங்களு’க்குப் பின் எதையும் போட வேண்டாம். அதன் கடைசி நிமிடங்களில் ஒலி மிக மெலிந்துபோகும். இந்தப் புழுக்கத்தில் கேட்பதற்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் முடிவதற்கு ஐந்து நிமிடம் முன்பே மின்விசிறிகளையும் குளிர்சாதனத்தையும் நிறுத்திவிட்டு, சன்னல்களைச் சாத்திவையுங்கள். ஒலிபெருக்கியில் சத்தத்தைக் கூட்டாதீர்கள். தந்திகள் எப்போது நின்றன என்பதை ஒவ்வொருவரும் தாமே முடிவுசெய்யட்டும்.