ஸ்தோத்திரம் சொல்ல வாய் வரவில்லை, பொய்யாகச் சொல்லலாமா?

கொட்டாஞ்சேனை மகள்:
அம்மாவுக்கு மூன்றாவது கீமோ முடிந்தது. புறக்கோட்டையில் 138 பஸ் பிடித்து மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் வருவதிலேயே நாள் போகிறது. சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாலே அம்மாவுக்குக் குமட்டல், நேற்றும் கொண்டுபோன இடியப்பத்தை பஸ் தரிப்பில் நின்று நானே சாப்பிட்டேன். இதற்குள் ஜெபக்கூட்டத்து ஆன்ட்டி ஒருவர், "ஸ்தோத்திரம் சொல்லாததால்தான் சுகம் தாமதிக்குது மகள்" என்கிறார். எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆனால் அம்மா அந்தக் கட்டிலில் கிடந்துகொண்டே மெல்லப் பாடுகிறார், அதுவும் புரியவில்லை.

மோதரை அண்ணன்:
தங்கச்சி, ஆன்ட்டியை விடுங்கோ. பைபிளில் சங்கீதம் 22இன் முதல் வரியே "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்". இயேசு சிலுவையில் சொன்னதும் இதைத்தான். துதி பிறகுதான் வருகிறது, 88இல் அதுவும் வராது, கடைசி வரை இருட்டு. பவுலும் சீலாவும் பிலிப்பி சிறையில் பாடினார்கள் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள், ஆனால் முதுகெல்லாம் அடிபட்டு, கால் தொழுமரக் கட்டையில் மாட்டிக் கிடக்க, நடு ராத்திரி வரைக்கும் என்ன செய்தார்கள் என்று ஒருவரும் சொல்வதில்லை. முனகியிருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

வெள்ளவத்தை வாசகன்:
நான் சைவம், குறுக்கே வந்ததற்கு மன்னிக்கவும். அப்பர் சூலை நோயில் துடித்தபடி திருவதிகையில் பாடிய முதல் பதிகமே "கூற்றாயினவாறு விலக்ககிலீர்" என்றுதான் தொடங்கும், எமன் மாதிரி வதைக்கிற இந்த நோயை விலக்க மாட்டேன் என்கிறீரே என்று நேராகச் சண்டை. அதைத்தான் இன்றைக்கும் கோயிலில் நின்று பாடுகிறோம். அப்பா ஐசியுவில் கிடந்தபோது எனக்கு வந்தது அது ஒன்றுதான், அதுவும் இரண்டு வரிக்கு மேல் வரவில்லை.

செவ்வாய் நவநாள்:
2019 ஈஸ்டர் அன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் குண்டுவெடிப்பில் சித்தியைப் பறிகொடுத்தோம். ஜூன் திருவிழாவுக்கு முதல் கோயிலைத் திருத்தித் திறந்தார்கள். போனேன், செபத்தில் வாய் அசையவே இல்லை. பக்கத்தில் நின்ற சிங்கள அம்மா தன் மெழுகுதிரியால் என்னுடையதைப் பற்றவைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். அடுத்த செவ்வாயும் போனேன். திரும்பப் பாடத் தொடங்கியது எப்போது என்று ஞாபகமில்லை. அம்மா பாடட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

கொட்டாஞ்சேனை மகள்:
எல்லாருக்கும் நன்றி. வலிக்கிற நேரத்தில் எப்படிப் பாடுகிறீர்கள் என்று இன்றைக்கு அம்மாவிடமே கேட்டுவிட்டேன். "பாடாவிட்டால் கத்திவிடுவேன் பிள்ளை, பக்கத்துக் கட்டில்காரி இப்பதான் நித்திரையானவள்" என்கிறார்.