மறு: கிரிட்டிக்கல் மினரல் – ‘இன்றியமையாக் கனிமம்’ வேண்டாமே

குழுவினருக்கு ரங்கூனிலிருந்து வணக்கம்.

பொருளாதாரத்துக்கு முக்கியமான, ஆனால் கிடைப்பது தடைபடக்கூடிய கனிமத்தைக் ‘கிரிட்டிக்கல் மினரல்’ என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு ‘இன்றியமையாக் கனிமம்’ என்று போட்டிருக்கிறோம். காட் (GATT) என்ற உலக வணிக ஒப்பந்தத்தின் 11ஆம் உறுப்பைத் தமிழாக்க உட்கார்ந்தபோதுதான் இடித்தது. ஏற்றுமதியைத் தடுக்கவோ அளவு வரம்பு போடவோ கூடாது என்பது அங்கே பொது விதி (வரி அதில் சேராது). 2(அ)வில் ஒரு விலக்கு: உணவுப்பொருளோ, ஏற்றுமதி செய்யும் நாட்டுக்கு எஸென்ஷியலான வேறு பொருளோ கிரிட்டிக்கலான தட்டுப்பாட்டில் சிக்காதிருக்கத் தற்காலிகமாகத் தடுக்கலாம். ஒரே வாக்கியத்தில் இரண்டு சொல்லும்! எஸென்ஷியலுக்கு ‘இன்றியமையாத’ தவிர வேறு வழியில்லை. கனிமத்துக்கும் அதையே கொடுத்தால், ஒரு நாட்டின் கிரிட்டிக்கல் மினரல் பட்டியலில் பெயர் இருந்தாலே விலக்கு உண்டு என்று மாணவர் எழுதிவைப்பார். அலுமினியத் தாதுவான பாக்சைட்டுக்குச் சீனா இந்த விலக்கைத்தான் கேட்டது. 2012இல் உலக வணிக நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பு ஏற்கவில்லை.

என் யோசனை ‘முட்டுக்கனிமம்’. கைமுட்டு, முட்டுப்பாடு என்றால் பற்றாக்குறை. சாயும் சுவருக்குக் கொடுப்பதும் முட்டு. இங்கே பர்மாவின் கச்சின் மாநிலத்தில், சீன எல்லையோரப் பாங்வா பக்கம் குன்றில் துளை போட்டு, அம்மோனியம் சல்பேட் கரைசலை இறக்கி, கீழே வட்டத் தொட்டிகளில் பிடிக்கிறார்களே, அந்த டிஸ்புரோசியம், டெர்பியம் என்ற அருமண் தனிமங்கள் காந்தத்தில் துளிதான் சேர்கின்றன. அந்தத் துளி இல்லாவிட்டால் மின்கார் மோட்டாரின் சூட்டில் காந்தம் வலுவிழக்கும். முட்டுக்கொம்பு என்ன சுவரளவு கனமா? 2024 அக்டோபரில் கச்சின் விடுதலைப் படை பாங்வாவைப் பிடித்ததும் சீனாவுக்குப் போகும் சரக்கு சுருங்கியது. ‘முட்டு’ என்பதன் இரண்டு அர்த்தமும், பற்றாக்குறையும் தாங்கலும், ஒரே மலையில் இருக்கின்றன.

இணையத்தில் ‘முட்டுக் கொடுப்பது’ வேறு. பையன்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இன்னொன்று: 2025 ஏப்ரலில் ஏழு அருமண் தனிமங்களுக்குச் சீனா கொண்டுவந்தது உரிம முறை. அதை ‘ஏற்றுமதித் தடை’ என்று எழுதாதீர்கள். ‘ஏற்றுமதிக் கட்டுப்பாடு’ போதும்.

---

அண்ணே, மோல்மீனிலிருந்து. வாதம் சரி, சொல்தான் உதைக்கிறது. எங்கள் ஆச்சிக்கு ‘முட்டு’ என்றால் மாதவிலக்கு. ‘முட்டுவீடு’ என்று ஒதுக்கி வைத்த காலத்துப் பேச்சு. பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் மாலை வகுப்பில் கரும்பலகையில் எழுத எனக்குக் கை வராது. ‘முட்டுப்பாட்டுக் கனிமம்’ என்று நீட்டினால் ஒத்துக்கொள்வீர்களா? தாங்குகிற பொருள் போய்விடும், தெரிகிறது.