மறு: ‘எவேஷன்’ – ஏய்ப்பு வேண்டாம், நழுவாட்டம்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கதையாட்டத்தில் அடிக்குத் தப்பும் வழிகளுக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். முன் மடலில் வந்த பரிந்துரைகள்:

> எவேஷன் = ஏய்ப்பு
> டாட்ஜ் = தவிர்ப்பு
> ஆர்மர் கிளாஸ் = கவச வகுப்பு

மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஏய்ப்பும் தவிர்ப்பும் வரித்துறைக்குப் போய்விட்ட சொற்கள். ‘வரி ஏய்ப்பு’ என்று செய்தியில் படித்துப் பழகியவருக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே மோசடிதான் நினைவுக்கு வரும். ‘மழுப்பல்’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அது வாயால் செய்வது. நாம் பெயர் தேடுவது, அடி விழுகிற இடத்தில் உடம்பு இல்லாமல் போவதற்கு.

அகராதியை விட்டு ஆட்ட விதிக்கு வருவோம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிநூலில் ‘மங்க்’ என்பவர் கவசம் அணியாமல் வெறுங்கையால் சண்டை போடுபவர். அவருடைய ஆர்மர் கிளாஸ், அதாவது அவரை அடிக்க எதிரியின் உருட்டல் எட்டவேண்டிய எண், 10 + லாவகக் கூட்டல் + விவேகக் கூட்டல். இரு பண்புகளும் 16 என்றால் கூட்டல் மும்மூன்று, மொத்தம் 16. கவசமே போடாதவருக்குக் ‘கவச வகுப்பு’ என்று எழுதினால் புதிதாக ஆட வருபவர் குழம்புவார். அது வகுப்பும் அல்ல, ஓர் எண். ‘காப்பெண்’ என்போம்.

இப்போது ஒரு கோப்ளின் (குட்டிப் பூதம்) வாளை வீசுகிறது. அதன் தாக்குக்கூட்டல், அதாவது உருட்டிய எண்ணோடு சேர்வது, 4. இருபது முகப் பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழவேண்டும். 9 முகங்கள், 45%. நம் ஆள் உள்ளாற்றலைக் கணக்கிடும் ‘கி’ புள்ளி ஒன்றைச் செலவழித்து டாட்ஜ் செய்தால், கோப்ளின் இருமுறை உருட்டிக் குறைந்ததைத்தான் எடுக்கவேண்டும். வாய்ப்பு ஏறத்தாழ 20% ஆகச் சரிகிறது. இங்கே அடியை எதுவும் தடுக்கவில்லை. எதிரி கண்ணுக்குத் தெரியவேண்டும், வேகம் சுழியாகிவிடக் கூடாது என்று விதி தெளிவாகச் சொல்கிறது. கண்ணும் காலும் சேர்ந்து செய்வது இது. ‘விலகல்’ என்பதே பொருத்தம். புள்ளியியலின் ‘திட்ட விலகல்’ பகடை மேசையில் குறுக்கே வராது.

எவேஷன் வேறு. அது 7ஆம் நிலையில் கிடைப்பது. 20 அடி ஆரத்துக்கு ஃபயர்பால் என்னும் தீ மந்திரம் வெடிக்கும்போது, லாவகச் சோதனையில் வென்றவருக்கும் பாதிச் சேதம் உண்டு. இவர் வென்றால் சேதமே இல்லை, தோற்றால் பாதி. நின்ற கட்டத்தை விட்டு நகர்வதுகூட இல்லை, அதனால் ‘விலகல்’ இங்கே பொருந்தாது. ‘நூலிழையில் உயிர் தப்பினார்’ என்கிறோமே, அதுதான் இது. ‘தப்பு’ தனித்து நின்றால் பிழை என்று பொருள்படும். எனவே ‘நூலிழை’ என்றே பெயர் வைக்கலாம். திறனுக்குரிய பெயர் என்பதால் கொஞ்சம் அழகும் இருக்கட்டும்.

டிஸ்எங்கேஜ் (இலவச அடி வாங்காமல் எதிரியை விட்டு அகல்வது) – ‘கழன்றுகொள்ளல்’. டிஃப்ளெக்ட் மிஸைல்ஸ் (பாய்ந்துவரும் அம்பைத் தட்டிச் சேதத்தைக் குறைப்பது) – ‘அம்பு தட்டல்’.

இவ்வளவு பிரித்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. தன் முறை வரும்போது ஒருவருக்கு ஒரு கூடுதல் செயல்தான். விலகலா, கழன்றுகொள்ளலா, இன்னொரு குத்தா என்று ஆடுபவர் தேர்ந்தாக வேண்டும். இரண்டுக்கும் ‘தவிர்ப்பு’ என்று எழுதிவிட்டால் எதைத் தேர்ந்தோம் என்பதே தெரியாது. ‘மொபைல்’ சிறப்புத்தகுதியை எடுக்கச் சொல்வதும் இதனால்தான்: அடித்த எதிரியிடமிருந்து இலவச அடி வாங்காமல் வெளியேறலாம், கூடுதல் செயல் விலகலுக்கு மிஞ்சும்.

அடியில் சிக்காமல் ஆடும் இந்தப் பாணி முழுவதற்கும் என் பரிந்துரை ‘நழுவாட்டம்’. கிரிக்கெட்டில் ‘தடுப்பாட்டம்’ ஏற்கெனவே இருக்கிறது, அதன் பக்கத்தில் இது இயல்பாக உட்காரும். வீரரை இப்படித் திட்டமிட்டு அமைக்கும் ‘பில்ட்’ என்பதற்கு ‘வார்ப்பு’. நழுவாட்ட வார்ப்பு.

---

வணக்கம். காப்பெண்ணும் நூலிழையும் எனக்கு மிகவும் பிடித்தன. நழுவாட்டத்தில் ஓர் ஐயம். ‘நழுவு’ முற்றியலுகரம். உகரம் கெடாமல் உடம்படுமெய் பெற்று ‘நழுவுவாட்டம்’ என்றல்லவா வரவேண்டும்? மேலும், சிலம்பச் சொற்களை ஏன் தொடவில்லை? ‘கி’ என்பதைப் ‘பிராணன்’ ஆக்கலாமே.

---

ஐயா, முற்றியலுகரமும் சில இடங்களில் கெட்டுப் புணர நன்னூலில் இடமுண்டு. கதவு + அடைப்பு, கதவடைப்பு என்றுதானே எழுதுகிறோம்? நழுவாட்டமும் அவ்வழியே.

சிலம்பத்தை வேண்டுமென்றேதான் தொடவில்லை. 1975இல் இந்த ஆட்டத்தின் பிளாக்மூர் இணைப்பு நூலில் அறிமுகமான ‘மங்க்’ கிழக்காசியத் தற்காப்புக் கலைகளைப் பார்த்து உருவானவர். அவர்மேல் நம் கலையின் பெயரைப் போர்த்தினால் இரண்டுமே கெடும். சிலம்ப வீரரையே வார்க்கும் நாளில் காலடி வரிசைகளுக்குத் தனி விதியே எழுதுவோம், நானும் வருகிறேன். ‘கி’ சீனச் சொல்லின் ஜப்பானிய வடிவம். பிராணன் வேறொரு மரபுக்கு உரியது. 2024 பதிப்பு ‘கி’யை எடுத்துவிட்டு ‘ஃபோகஸ்’ புள்ளி என்று வைத்திருக்கிறது. அதற்கு ‘முனைப்புப் புள்ளி’ சரியாக வரும்.

அதே பதிப்பில் அம்பு மட்டுமல்ல, அருகில் நின்று வீசும் வாள்வீச்சின் சேதத்தையும் குறைக்கலாம். ஆகவே ‘அம்பு தட்டல்’ என்று நான் எழுதியதில் அம்பை எடுத்துவிட்டு ‘தட்டிவிடல்’ என்று வைத்தால் இரண்டு பதிப்புக்கும் செல்லும். பட்டியலில் அப்படியே ஏற்றுகிறேன். மாற்றுச் சொல் இருப்பவர்கள் எழுதுங்கள்.